மானிட்டரில் ஒட்டிய சீட்டு

அத்தியாயம் ஒன்பது

பெரியவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி இன்றோடு பதினோரு நாள். 'விசாரணை முடியும் வரை' என்று கடிதத்தில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மரியாதையாக எழுதினால் வலிக்காதா என்ன? ஆனால் அவளுக்கு வலிக்கவில்லை. அதுதான் சங்கடம்.

போன வாரம் அவளை இஸ்திரிப் பெட்டியின் முன்னால் விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் நிற்கிறாள். லேபுக்குப் போட்டுப் போகும் வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இன்று அதைப் போடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

நடந்தது தெரியாதவர்களுக்கு நாலு வரி. இருபது வருடமாக அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்து டாக்டர்களுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. இந்த மாதத் தொடக்கத்தில் ஓர் ஓவிய ஆசிரியரின் ரிப்போர்ட், எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாள், அவர் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களின் போனுக்கெல்லாம் போய்விட்டது. மறுநாளே அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். லேபில் தோண்டிப் பார்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப் பூட்டிக் கிடந்த நேரத்தில், அந்த ரிப்போர்ட்டைத் திறந்தது பெரியவளின் பெயர், பெரியவளின் பாஸ்வேர்ட். அந்த நேரத்தில் அவள் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சாட்சிக்கு ஈரத்துணியைத்தான் கூப்பிட வேண்டும்.

இன்று மூன்று மணிக்கு விசாரணை.

"அந்தக் கோட்டை விட்டுடுடி. இனிமே தேய்ச்சா கிழிஞ்சிடும்" என்றாள் அம்மா, கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்று. போன மாதம் அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். இன்று காலை பத்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை.

"காபி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"பொய். தம்ளர் நிறைய அப்படியே இருக்கு. ஒரு கண்ணுல பாக்கும்போதே இந்த வீட்டு லட்சணம் இவ்வளவு தெரியுது. ரெண்டு கண்ணும் வந்துட்டா நான் தாங்க மாட்டேன்மா."

வழக்கமாக இதற்குப் பெரியவள் சிரிப்பாள். இன்று தம்ளரை எடுத்து, ஆறிப்போன காபியை மருந்து மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தாள். இனிப்பா கசப்பா என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

வெளியே ஹாரன் கேட்டது. சின்னவன் காரோடு வந்துவிட்டான்.

சின்னவன் என்றால் அவள் தம்பி. வயது முப்பத்தாறு. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டதிலிருந்து வீட்டில் அவனுக்கு 'வயர்' என்று பெயர். அதே லேபில்தான் வேலை. கம்ப்யூட்டர், கேபிள், வைஃபை எல்லாம் அவன் பொறுப்பு. ஆறு வருடத்துக்கு முன் அவனை மேனேஜரிடம் அழைத்துப் போய், "என் தம்பி சார், நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவள் பெரியவள். இந்தப் பதினோரு நாளில் அவன் அக்கா வீட்டுக்கு வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் உட்காரவில்லை.

காரில் அம்மா முன்னால், பெரியவள் பின்னால். கண்ணாடியில் அக்காவின் முகம் தெரியாதபடி சின்னவன் அதைக் கொஞ்சம் திருப்பிவைத்தான். அம்மாவுக்கு ஒரு கண்தான் என்றாலும் அது தப்பவில்லை.

"என்னடா வயர், ரெண்டு பேரும் ஊமையா? அப்பா ரேடியோவை நீ பிரிச்சுப் போட்ட அன்னிக்கும் இப்படித்தான் வந்து நின்னீங்க. இவ 'நான்தாம்பா ஒடைச்சேன்'னா. இவளுக்குக் கிடைச்ச அடியைப் பாத்து நீ அழுத. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றான் சின்னவன்.

"சும்மா சொன்னேன். பேச்சில்லாத கார் பயமா இருக்கு."

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் வரிசை வரிசையாக நீல நாற்காலிகள். ஒரு மூலையில் தண்ணீர் மிஷின். சுவரில் எழுத்துகள் சிறிதாகிக்கொண்டே போகும் கண் பரிசோதனை அட்டை. நர்ஸ் அம்மாவுக்குச் சொட்டு மருந்து போட்டு, "அரை மணி நேரம் கண்ணை மூடிக்கோங்க" என்று உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

பெரியவள் தண்ணீர் மிஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் நாளன்றும் அதே நாற்காலிதான். அன்று நாலு மணி நேரம் காத்திருந்தாள். நடுவில் மேனேஜர் போன் செய்தார். ஒரு டாக்டர் அவசரமாக ரிப்போர்ட் கேட்கிறார், நீங்க பார்த்து அனுப்பினாத்தான் போகும் என்றார். லீவு போட்டவளிடம்தான் அவருக்கு எப்போதும் அவசரம் வரும். அவள் ஆஸ்பத்திரி வைஃபையில், போனிலேயே லேபின் பக்கத்தைத் திறந்து அனுப்பிவைத்தாள்.

இன்றும் போன் தானாகவே அந்த வைஃபையோடு ஒட்டிக்கொண்டது. அவள் விரல் தானாகவே லேபின் பக்கத்துக்குப் போனது. தன் பெயரைப் பூட்டிவிட்டார்களா என்று பார்க்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. பூட்டியிருந்தாலும் திறந்திருந்தாலும் ஒன்றுதான் என்றிருந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

சிவப்பாக ஓர் எச்சரிக்கைப் பக்கம் வந்தது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல.' அவள் கட்டைவிரல் பாட்டுக்கு 'கூடுதல் விவரம்' என்பதைத் தொட்டது. அடுத்து, 'இருந்தாலும் உள்ளே செல்' என்பதற்கு நகர்ந்தது.

"அக்கா, நில்லு."

சின்னவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"அதை அழுத்தாத. இப்படிக் குடு."

"தினம் வர்ற சிவப்புதானடா. லேப்லயும் இதானே வருது."

அவன் போனை வாங்கிச் சிவப்புப் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தான். பிறகு தன் போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டின் இணைப்பிலேயே லேபின் பக்கத்தைத் திறந்தான். அதிலும் அதே சிவப்பு. இரண்டு போனையும் தொடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"படி" என்றான்.

அவன் போனில்: 'இந்தத் தளத்தின் சான்றிதழ் எட்டு மாதங்களுக்கு முன்பு காலாவதியாகிவிட்டது.'

அவள் போனில்: 'இந்தச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று சரிபார்க்க முடியவில்லை. உங்கள் தகவலை யாரோ திருட முயலலாம்.'

"சிவப்பு ஒண்ணுதான். விஷயம் வேற" என்றான். "என் போன்ல வர்றது நம்ம லேப். அடையாளக் கார்டு பழசு, ஆனா ஆள் நம்ம ஆள். உன் போன்ல வர்றது நம்ம லேப்பே இல்ல. நடுவுல எவனோ உக்காந்துக்கிட்டு, நான்தான் லேப்னு போலிக் கார்டு காட்டுறான்."

கண்ணை மூடியிருந்த அம்மா காதை மூடவில்லை. "எனக்கும் புரியிற மாதிரி சொல்லுடா."

"போனுக்கும் லேப்புக்கும் நடுவுல போற பேச்சு பூட்டுப் போட்டுதாம்மா போகும். வழியில யாரும் படிக்க முடியாது. ஆனா பூட்டுறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கிறது யாருன்னு போன் அடையாளக் கார்டு கேக்கும். போலிக் கார்டுன்னா இப்படிச் சிவப்பாக் கத்தும். நாம 'பரவாயில்ல'ன்னு அழுத்திட்டா, அவன் ஒரு பூட்டு நம்மகிட்ட போட்டுப்பான், இன்னொரு பூட்டு லேப்கிட்ட போட்டுப்பான். நடுவுல எல்லாத்தையும் திறந்து படிப்பான். பாஸ்வேர்டும் சேத்து. ரெண்டு பக்கமும் ஒண்ணுமே தெரியாது."

அம்மா மூடிய கண்ணோடே முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"அப்போ வாசல்ல நாய் குரைச்சிருக்கு. நீங்க நாயை அடக்கிட்டு, திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கீங்க."

"எட்டு மாசமா அந்த நாய் தபால்காரரைப் பாத்தே குரைச்சுதும்மா" என்றாள் பெரியவள். இந்தப் பதினோரு நாளில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

சின்னவன் எழுந்து வரவேற்பு மேஜைக்குப் போனான்.

"உங்க வைஃபைக்கு பாஸ்வேர்ட் உண்டா மேடம்?"

"உண்டு சார். கேட்டா சீட்டுல எழுதித் தருவோம்."

"பாஸ்வேர்ட் கேக்காம, உங்க ஆஸ்பத்திரி பேர்லயே இன்னொண்ணு வருதே?"

வரவேற்புப் பெண் தன் போனைப் பார்த்தாள். ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றில் பூட்டுப் படம், மற்றதில் இல்லை. "இது எங்களோடது இல்லையே" என்றாள்.

அவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் மெதுவாக நடந்தான். பூட்டு இல்லாத வைஃபையின் கோடுகள் ஜன்னல் பக்கம் குறைந்தன. அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் வந்ததும் நிறைந்தன. தண்ணீர் மிஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். சுவர் சாக்கெட்டில் சார்ஜர் போல ஒரு வெள்ளைப் பெட்டி. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அதுவா? மிஷினோடதுன்னு நெனச்சோம் சார். தினம் துடைக்கிறோம்" என்றாள் வரவேற்புப் பெண். "போன மாசம் மிஷின் ரிப்பேர்னு ஒருத்தர் வந்தாரு. நாங்க கூப்பிடலையேன்னு அப்பவே தோணுச்சு."

அவள் மேலதிகாரியைக் கூப்பிட ஓடினாள். சின்னவன் பெட்டியைத் தொடாமல் நாலு படம் எடுத்துக்கொண்டான். திரும்பி வந்து அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். இந்தப் பதினோரு நாளில் அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

பெரியவள் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். குற்றவாளி நான் இல்லை என்று தெரிந்துவிட்டது. நெஞ்சுக்குள் எங்காவது ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்கிய அன்று கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. இப்படியே இருந்துவிடுவேனோ என்று மட்டும் பயமாக இருந்தது.

"ஆபரேஷன் அன்னிக்கும் இங்க இதே சிவப்பைத் தாண்டித்தான் ரிப்போர்ட் அனுப்பினேன். பேங்க் ஆப் மட்டும் திறக்கவே இல்ல" என்றாள். "வைஃபை சரியில்லைன்னு அலுத்துக்கிட்டேன்."

"அது போலிக் கார்டைப் பாத்து உள்ளேயே விடலைக்கா. அதுல நம்ம இஷ்டத்துக்கு அழுத்திட்டுப் போற பட்டன் கிடையாது. லேப்ல இருக்கு. லேப்ல மட்டும்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். அம்மாவின் சொட்டு மருந்து டப்பாவுக்குள்ளிருந்து மடித்த ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். மேஜையைக் காலி செய்யச் சொன்ன அன்று தன் மானிட்டரின் விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. ஓரத்தில் டேப் இன்னும் ஒட்டியிருந்தது. அதில் நீல மையில், சாய்ந்த எழுத்தில்:

'சிவப்புப் பக்கம் வந்தால் பயப்படாதீர்கள். கூடுதல் விவரம் அழுத்தி, இருந்தாலும் உள்ளே செல் என்பதை அழுத்துங்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும்.'

"உன் எழுத்து" என்றாள்.

"ம்."

"ரெண்டு நாள்னு போட்டிருக்க."

"சான்றிதழைப் புதுப்பிக்கணும்னு மூணு தடவை மேனேஜர்கிட்ட சொன்னேன்க்கா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னாரு. எல்லாம் வாய்ப் பேச்சு, எதையும் எழுதி வாங்கல. அதுக்குள்ள எல்லாருக்கும் பழகிப்போச்சு. எனக்கும்தான்."

"சரி. இதையே மூணு மணிக்கு அங்க சொல்லிடு."

சின்னவன் தரையைப் பார்த்தான். ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு நிமிடம் வரும். சொல்ல வேண்டியவன் சொல்ல மாட்டான், கேட்க வேண்டியவள் கேட்க மாட்டாள், நடுவில் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"அக்கா, நான் ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன்."

"என்ன லெட்டர்?"

"லேப் சிஸ்டத்துல எந்தக் குறையும் இல்ல, தப்பு உபயோகிச்சவங்களோடதுன்னு. உன்னை அனுப்பின மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு நீட்டினாரு. போட்டா எனக்கு வேலை இருக்கும், போடலைன்னா விசாரணை என்மேலயும் வரும்னாரு. அப்ப இந்தப் பெட்டி விஷயம் தெரியாதுக்கா. நீயே ஏதோ கைத்தவறுதலா..."

"நான்தான் அனுப்பியிருப்பேன்னு நெனச்சியா?"

அவன் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதுவே பதில்.

அவள் சீட்டை மடித்து மறுபடி டப்பாவுக்குள் வைத்தாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கோபம் வந்தால் தேவலை என்று மனதார வேண்டிக்கொண்டாள். அதுவும் வரவில்லை.

"அம்மா, நர்ஸ் கூப்பிடறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே போகும்போது அம்மா மகன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணைத்தான்டா மூடச் சொன்னாங்க" என்றாள்.

மூன்று மணி. மேனேஜர் அறையில் நாலு நாற்காலி. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். இந்தப் பக்கம் பெரியவள், அவள் பக்கத்தில் சின்னவன். ஜன்னலோரம் ஓவிய ஆசிரியர். ஒல்லியான மனிதர். விரல் நகங்களில் வண்ணம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். சுத்தமாக இருந்தன.

அவரை நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் ரத்தம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது, அவர் முகம் இப்போதுதான் தெரிகிறது.

சின்னவன் வெள்ளைப் பெட்டியின் படங்களைக் காட்டி, நடந்ததைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். மஞ்சள் சீட்டு வரைக்கும் வரவில்லை. அதற்கு ஒரு படி முன்னாலேயே நின்றுகொண்டான்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். "பெட்டி அங்க இருந்துச்சு, சரி. ஆனா எச்சரிக்கை வந்துச்சா இல்லையா? வந்துச்சு. அதையும் மீறி உள்ள போனது யாரு? நம்ம சிஸ்டத்துல குறை இல்லைன்னு உங்க தம்பியே எழுதிக் குடுத்திருக்காரு. இருங்க, அந்த லெட்டரைக் காட்டறேன்."

லேபின் பக்கத்தைத் திறக்க அவர் மவுஸைத் தட்டினார். ஆசிரியருக்கும் தெரிய வேண்டும் என்று மானிட்டரை அவர் பக்கம் திருப்பியிருந்தார். சிவப்புப் பக்கம் வந்தது. மேனேஜரின் விரல் இரண்டு முறை டக், டக் என்றது. சிவப்பு போய்விட்டது. அவர் கண் அதுவரை பெரியவளின் முகத்திலேயே இருந்தது. மானிட்டரைப் பார்க்கவே இல்லை.

"சார்" என்றாள் பெரியவள். "இப்ப என்ன அழுத்துனீங்க?"

"எதை?"

"இப்ப. சிவப்பா ஒண்ணு வந்துச்சே."

மேனேஜர் மானிட்டரைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "அது... அது எப்பவும் வர்றதுதானே?" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ஓவிய ஆசிரியர் முதல் முறையாக வாய் திறந்தார். "எப்பவும் வருமா? வந்தா எல்லாரும் இப்படித்தான் அழுத்துவீங்களா? யார் சொன்னது?"

பெரியவள் சொட்டு மருந்து டப்பாவைத் திறந்து, சீட்டை மேஜைமேல் வைத்து விரலால் நீவிவிட்டாள். ஆசிரியர் எழுந்து வந்து குனிந்து படித்தார். ஒரு முறை படித்தார். கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தார்.

"இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்றார் மெதுவாக. "இது யார் எழுத்தும்மா?"

பக்கத்து நாற்காலியில் சின்னவன் மூச்சு விடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ரேடியோ உடைந்த அன்றும் அவன் இப்படித்தான் மூச்சு விட்டான். அன்று 'நான்தாம்பா' என்று சொல்ல அவளுக்கு அரை நொடி கூட ஆகவில்லை. இன்றும் அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. நானே எழுதி ஒட்டிக்கொண்டேன் சார் என்று ஒரு வரி. அவன் வேலை பிழைக்கும். அவளுக்கு எதுவும் புதிதாக வலிக்கப்போவதில்லை.

அப்போதுதான் அந்தச் சுத்தமான நகங்கள் சீட்டின் விளிம்பில் ஊன்றியிருப்பதைப் பார்த்தாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் கையும் நடுங்க ஆரம்பித்தது. முதலில் விரல்கள், பிறகு தோள். பதினோரு நாளும் எங்கேயோ போயிருந்ததெல்லாம் ஒரே சமயத்தில் வீடு திரும்பியது. வலித்தது. நன்றாக வலித்தது.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். குரல் உடைந்துதான் வந்தது. "ஆனா நான் சொல்ல மாட்டேன். எழுதினவங்க வாயால வரட்டும்."

சின்னவன் பக்கம் அவள் திரும்பவில்லை. அவன் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அவன் எழுந்துவிட்டான்.

ஆசிரியருக்கு எதிரில் போய் நிற்க எழுந்தானா, கதவைப் பார்த்து நடக்க எழுந்தானா என்று தெரியவில்லை. அறையில் இரண்டுக்கும் ஒரே தூரம்தான்.